பம்ப் மாற்றுவதற்கு முன்னால்: ஊட்டியிலிருக்கும் மகனுக்கு

கண்ணு,

வாஷிங் மெஷினில் தண்ணீர் வடியவில்லை, அதை வெளியே தள்ளுகிற பம்ப் போய்விட்டது என்று மெக்கானிக் சொல்கிறார் என்றாயே. உடனே சரி என்று சொல்லிவிடாதே. அடைப்பெடுத்தால் ஓடக்கூடிய பம்பைக் கழற்றிப் போடுவது சகஜம்.

முதலில் ஸ்பின் மட்டும் போட்டு, கீழ்ப்பக்கம் காதை வைத்துக் கேள். ம்ம்ம் என்று உறுமினால் பம்புக்குக் கரண்ட் வருகிறது, வழியில்தான் அடைப்பு. கடகடவென்றால் காசோ பட்டனோ உருள்கிறது. சத்தமே இல்லையென்றால்தான் வயரிங்கோ, போர்டோ, பம்ப் காயிலோ (உள்ளே இருக்கிற கம்பிச் சுருள்) கெட்டிருக்கும்.

இன்னொன்றையும் கவனி. கோளாறு காலையில் மட்டும் வந்து மதியம் தானாகச் சரியாகிறதா? ஊட்டியை அடுத்த தலைக்குந்தா பக்கம் உறைபனி விழுகிற டிசம்பர், ஜனவரியில், பின்பக்கம் தரையில் கிடக்கிற, தண்ணீர் வெளியேறுகிற ஹோஸின் தொய்வில் தங்கிய தண்ணீர் விடியற்காலையில் கட்டியாகிவிடும். அதை முட்டிக்கொண்டு பம்ப் ஓடினால் சூடாகிக் கெட்டுப்போகும். ஹோஸ் மேல் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்று, கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். துவைத்து முடித்ததும் ஹோஸைத் தூக்கி வடித்துவிடு. வெயில் ஏறினபிறகு, பத்து மணிக்கு மேல் மெஷின் போட்டால் போதும்.

ஹோஸ் அடைபடவில்லை என்றால் ஃபில்டரைத் திற. பிளக்கைப் பிடுங்கு, குழாயை மூடு, சுடுதண்ணீரில் துவைத்திருந்தால் ஆறவிடு. முன்பக்கம் கீழ்மூலையில் சின்ன மூடி இருக்கும். அதற்குள் மெல்லிய ரப்பர் குழாய் இருந்தால் அதன் அடைப்பானை எடுத்துத் தட்டையான தாம்பாளத்தில் வடி. இல்லாவிட்டால் ஃபில்டரை இடப்பக்கமாக அரைச்சுற்று மட்டும் திருப்பு. தாம்பாளம் நிரம்பினதும் இறுக்கிவிட்டுக் கொட்டு. பத்து லிட்டருக்கு மேலேயே வரலாம், ஒரேயடியாகத் திறந்தால் சமையலறை முழுக்கத் தண்ணீர்தான்.

ஃபில்டரில் ஸ்வெட்டர், மஃப்ளரின் கம்பளிப் பஞ்சு சோப்போடு சேர்ந்து களியாகத் திரண்டிருக்கும். பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவு. அதோடு நிறுத்திவிடாதே, பலரும் இங்கேதான் நிறுத்துகிறார்கள். ஃபில்டர் இருந்த குழிக்குள் டார்ச் அடித்தால் சின்ன இறக்கை தெரியும். அதில் முடியோ நூலோ சுற்றியிருந்தால் உருவி எடு. ஊக்கு குத்திக்கொண்டு நிற்கலாம், கையை மெதுவாக விடு. பிறகு விரலால் சுற்றிப் பார். விட்டு விட்டு இடறி இடறிச் சுற்றினால் நல்ல பம்ப்தான். உள்ளே இருக்கிற காந்தம் அப்படித்தான் இழுக்கும். தடையே இல்லாமல் லொடலொடவென்று சுழன்றால் இறக்கை காந்தத்திலிருந்து விட்டுப்போயிருக்கிறது, மாற்றத்தான் வேண்டும்.

மூடும்போது ரப்பர் வாஷரில் பஞ்சு ஒட்டியிருக்கக் கூடாது. சோப்புப் பெட்டி வழியாக ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, ஸ்பின் போட்டு, ஒழுகுகிறதா என்று பார்.

ஹோஸ் உயரத்தையும் பார்த்துவிடு. சரிவில் கட்டின வீடு, பின்பக்கச் சாக்கடை தரையைவிடத் தாழ்வு. ஹோஸ் நேராக அங்கே இறங்கினால் தண்ணீர் ஏற ஏறத் தானே உறிஞ்சிப் போய்விடும், மெஷின் நிரம்பவே நிரம்பாது. 60 முதல் 100 செ.மீ. உயரத்தில் ஒரு வளைவு கொடுத்து அப்புறம் இறக்கு. சாக்கடைக் குழாய்க்குள் ஒரு சாணுக்கு மேல் திணிக்காதே, வாயை டேப் போட்டு மூடாதே. காற்றுப் போக வழி வேண்டும்.

அந்தக் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் பவுடர் சரியாகக் கரையாது. லிக்விட் வாங்கு, அதுவும் இங்கே போர் தண்ணீருக்குப் போடுகிற அளவில் பாதி. மலைத்தண்ணீர் மென்மையானது, நுரை பொங்கும். நுரையைப் பம்பால் தள்ள முடியாது.

இவ்வளவும் பார்த்து வடியவில்லையென்றால் மெக்கானிக்கை வரச்சொல். பிளக்கைப் பிடுங்கி, பம்ப் வயரைக் கழற்றி, மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல். சுமார் 100 முதல் 200 ஓம் காட்டினால் காயில் நன்றாக இருக்கிறது. மீட்டர் அசையவே இல்லையென்றால் மாற்றிவிடு. பழைய பம்பைக் கையில் கேட்டு வாங்கி வை.

அம்மா