எடையும் நொண்டியாட்டமும்

ஆர்.கே.புரம், புது தில்லி

அன்புள்ள தோழிக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் பேரன் வகுப்பிலேயே ஒல்லி என்றும், அதனால்தான் நொண்டியடிக்கத் தடுமாறுகிறான் என்றும் அவனுடைய ஆசிரியை சொன்னதாக எழுதியிருந்தாய். அந்த 'அதனால்தான்' எனக்கு ஒப்பவில்லை.

நான் உதவிக்குப் போய்வரும் மழலையர் பள்ளியில் பிள்ளைகளை அளப்பது என் பொறுப்பு. செருப்பைக் கழற்றி, குதிகாலும் முதுகும் சுவரில் பட, பார்வை நேரே இருக்கும்படி நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். உயரமாகக் காட்டிக்கொள்ள எம்பி நிற்காத பிள்ளையே இல்லை. ஒப்பிட்டுப் பார்ப்பது உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையோடு. அதற்காக ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்தபோது, இந்தியாவின் சார்பில் அளக்கப்பட்டவர்கள் எங்கள் தெற்கு தில்லிக் குழந்தைகள்தாம் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அதன்படி நான்கு வயது நிறைந்த ஆண்பிள்ளைக்கு நடுமட்ட உயரம் 103.3 செ.மீ., எடை 16.3 கிலோ. நடுமட்டம் என்றாலே பாதிப் பிள்ளைகள் அதற்குக் கீழேதான் இருப்பார்கள். பெற்றோர் அதைத் தேர்ச்சி மதிப்பெண்ணாக எண்ணிக் கலங்குகிறார்கள்.

நொண்டியில் தன் உடம்பைத் தானே தூக்கிக் குதிக்க வேண்டியிருப்பதால் கனத்த பிள்ளைகளுக்கே அது பெரும்பாலும் கடினம். பந்தெறிவதில் எடை அவ்வளவாகக் குறுக்கிடுவதில்லை. எடையைவிட நான் முதலில் பார்ப்பது வயதை, அதுவும் மாதக் கணக்கில். ஒரே வகுப்பில் ஏப்ரலில் பிறந்தவனும் அடுத்த மார்ச்சில் பிறந்தவளும் உட்கார்ந்திருக்கிறார்கள்; நான்கு வயதையொட்டிக் கைகூடும் ஒரு திறனில் பதினொரு மாத இடைவெளி சாதாரணமா? அடுத்தது பழக்கம். லிஃப்டிலேயே போய்வரும் ஒரு பையன், நல்ல உயரம், எங்கள் பள்ளிப் படிக்கட்டில் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்தே இறங்கினான். தினமும் மாடிப்படி ஏறவிட்டதும் சில வாரங்களில் கால்மாற்றி இறங்கப் பழகிவிட்டான்.

இதற்காக ஒல்லியை அலட்சியம் செய் என்று சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளையின் மேற்கையின் நடுச்சுற்றளவு 12.5 செ.மீ.க்குக் குறைந்தால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும், 11.5-க்குக் கீழே போனால் அது கடுமையான ஊட்டக்குறை.

பேரனின் பிறந்த தேதியையும், இப்போதைய உயரம், எடை, கைச்சுற்றளவையும் அடுத்த கடிதத்தில் எழுது. ஒற்றைக்காலில் எத்தனை நொடி நிற்கிறான் என்பதையும் பார்த்து எழுது. இரண்டு காலிலும் தனித்தனியாக.

அன்புடன்,
உன் தோழி