அந்தச் சின்ன ரேடியோ

அன்புள்ள பாலு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. இடது கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். கொஞ்ச நாள் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது நன்றாகவே தெரிகிறது, கவலைப்படாதே. படிக்க முடியாத அந்த நாட்களில் எனக்குத் துணையாக இருந்தவை ஜெர்மன் இசையமைப்பாளர் ஹான்ஸ் ஐஸ்லரின் பாட்டுகள்தான்.

கொள்கைக்காக எழுதினால் கலை கெட்டுப்போகும் என்று எழுதியிருந்தாயே, அதிலிருந்தே எனக்கு ஐஸ்லர் நினைப்புதான். வியன்னாவில் நவீன இசைமேதை ஷோன்பெர்க்கிடம் பாடம் கேட்டவர். சங்கீதம் வெளி உலகத்தைக் கண்டுகொள்ளாமல் இருக்கலாமா என்ற கேள்வியில் 1926இல் குருவோடு முறிந்தது. அப்புறம் பெர்லினில் தொழிலாளர் பாடகர் குழுக்களுக்கு எழுதினார். பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்து பாடுகிறவர்கள் அவர்கள். அவர்கள் வாய்க்கு எட்டும்படி எழுத வேண்டும், அதற்காக இனிப்புத் தடவவும் மனமில்லை. அந்த இறுக்கத்தில்தான் அவருடைய நடை பிறந்தது என்று நினைக்கிறேன்.

1933இல் ஹிட்லர் வந்ததும் அவருக்கும், அவர் நண்பரான கவிஞர், நாடகாசிரியர் பிரெக்டுக்கும் ஊர் இல்லாமல் போயிற்று. நாடோடியாக இருந்தபோது பிரெக்ட் தன் சின்ன ரேடியோவைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். வீட்டிலிருந்து கப்பலுக்கு, கப்பலிலிருந்து ரயிலுக்கு, உள்ளே வால்வு உடைந்துவிடாமல் பொத்திப் பொத்தித் தூக்கி வந்த பெட்டி அது. எதற்காக? எதிரிகளின் குரல் தொடர்ந்து காதில் விழவேண்டும் என்று. திடீரென்று ஊமையாகிவிடாதே என்று அந்தப் பெட்டியிடமே கேட்டுக்கொள்கிறார். 1942இல் ஹாலிவுட்டில் ஐஸ்லர் அதற்கு மெட்டுப் போட்டார். ஒன்றரை நிமிடம் இருக்கும். கோஷம் இல்லை, முரசு இல்லை, ஒரு குரலும் பியானோவும்தான். தாலாட்டு மாதிரி போகிறது. கண்ணை மூடிக் கேட்டபோது நெஞ்சை அடைத்துவிட்டது. அரசியல் இல்லாமல் இந்தப் பாட்டு ஏது, சொல்.

பிரெக்டின் கலிலியோ நாடகத்தையும் பார். 1938இல் டென்மார்க்கில் எழுதியபோது, திருச்சபைக்குப் பணிந்துபோவது போலக் காட்டி உண்மையைக் காப்பாற்றும் சாமர்த்தியசாலி கலிலியோ. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபின் பிரெக்ட் நாடகத்தைத் திருத்தினார். அதே பணிவு துரோகமாகிவிட்டது.

சரி, ஐஸ்லருக்கு வருகிறேன். கம்யூனிஸ்ட் என்று 1948இல் அமெரிக்கா வெளியேற்றியது. கிழக்கு ஜெர்மனி போய் அதன் தேசிய கீதத்துக்கே இசையமைத்தார். அடுத்து, சாத்தானிடம் ஆத்மாவை விற்ற பண்டிதன் ஃபவுஸ்டின் பழைய ஜெர்மன் கதையை ஓபராவாக, அதாவது இசை நாடகமாக, ஆக்க நினைத்தார். 1525இல் ஜெர்மன் விவசாயிகள் பிரபுக்களை எதிர்த்து நடத்திய போரில் தன் மக்களைக் கைவிட்டவனாக அதில் ஃபவுஸ்ட் வருகிறான். ஜெர்மன் பாரம்பரியத்தை இழிவுபடுத்திவிட்டார் என்று 1953இல் கட்சிக்காரர்களே பாய்ந்தார்கள். வசனம் மட்டும் அச்சில் இருக்கிறது, இசையை அவர் எழுதி முடிக்கவே இல்லை. எனக்கு ஆறாத வருத்தம் அது. அவருக்குக் கெடுதல் செய்தது கொள்கை இல்லை பாலு, அதற்குக் காவல் நிற்கிறோம் என்று வந்தவர்கள்.

அந்த கீதத்தின் கதியையும் கேள். 'ஒன்றுபட்ட தாயகம் ஜெர்மனி' என்று அதில் ஒரு வரி. நாடு இரண்டுதான் என்று முடிவானபின் அந்த வரி உறுத்தியது. 1970களின் தொடக்கத்திலிருந்து மெட்டை மட்டும் வாசித்தார்கள், யாரும் பாடுவதில்லை. 1989இல் தெருவில் இறங்கிய ஜனங்கள் அதே வரியைத்தான் உரக்கக் கத்தினார்கள். கேட்க ஐஸ்லர் இல்லை, 1962இலேயே போய்விட்டார்.

தையில் வருகிறேன் என்றாயே, தேதியை எழுது. ரேடியோ பாட்டை உன்னோடு உட்கார்ந்து இன்னொரு தரம் கேட்கவேண்டும்.

அன்புடன்,
சந்திரன்