உளி எந்த ஊர் என்று பில்லில் எழுதுங்கள்: ஹார்டுவேர் கடை அண்ணாச்சிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம்.

26 வருடமாக மரவேலை பார்க்கிறேன். என் பெட்டியில் கிடக்கும் சாமான்களில் பாதிக்கு மேல் உங்கள் கடைகளில் வாங்கியவைதான், கடன் சொல்லி வாங்கியதும் உண்டு. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன ஆவணியில் ஒரு வீட்டுக்கு வேங்கையில் நிலை செய்தேன். கிரகப்பிரவேசத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. முக்கால் இஞ்ச் உளி ஒன்று புதிதாக வாங்கினேன். “நம்ம நாட்டுச் சரக்குதான், கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க” என்றார் கடைக்காரர். நிலைக்காலில் துளை எடுக்க வைத்து அடித்தால், நாலாவது அடியிலேயே வாய் மடங்கிவிட்டது. சாணை பிடித்து மறுபடி அடித்தேன், மறுபடியும் மடங்கியது. அரத்தை எடுத்து வாயோரம் ஒரு இழுப்பு இழுத்தேன். வெல்லத்தைச் சீவுகிற மாதிரி துகள் துகளாக வந்தது. மேலே கண்ணாடி போல முலாம், உள்ளே பச்சை இரும்பு. துவைச்சலே (காய்ச்சித் தண்ணீரில் முக்கி உறுதியாக்குவது) ஏறவில்லை.

திருப்பிக் கொண்டுபோய், இது எந்த ஊர்ச் சரக்கு அண்ணாச்சி என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அட்டையைப் பிரித்துவிட்டு உளிகளைக் கம்பியில் தொங்கவிட்டிருந்தார். அட்டை குப்பைக்குப் போய் எத்தனை நாளாயிற்றோ. மனுஷர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இரண்டு நாள் வேலை போனது போனதுதான்.

“நம்ம நாட்டுச் சரக்கு” என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டு அடைக்காதீர்கள். ஸ்பானரும் பிளேயரும் ஜலந்தரிலும் லூதியானாவிலும் அடிக்கிறார்கள், அங்கிருந்து வெளிநாட்டுக்குக் கப்பலேறுகிறது. ராஜஸ்தானில் நாகூர் என்று ஒரு ஊர் (நம் நாகூர் இல்லை), அங்கே சுத்தியலும் குறடும் செய்யும் பட்டறைகள் நிறைய. டபாரியா கம்பெனிச் சாமான் நாசிக்கில் இருந்து வருகிறது. என் அப்பா வாங்கிய டபாரியா கட்டிங் பிளேயர் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. இந்த ஊர்களில் நல்ல பட்டறையும் உண்டு, அவசரத்துக்கு வார்த்துத் தள்ளுகிற பட்டறையும் உண்டு. எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தானே நல்லதைத் திரும்பத் தேடி வாங்க முடியும்?

நம் பக்கத்துத் திருப்பாச்சேத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பட்டறையில் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் எனக்கு ஒரு உளி அடித்துக் கொடுத்தார்கள். உலையில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, நுனியைத் தண்ணீரில் முக்கி எடுத்து, அந்த இடத்தைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கினார் பெரியவர். பிறகு அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே இருக்கிற சூடு நுனிக்கு இறங்க இறங்க நிறம் ஓடுகிறது. முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, ஊதா, நீலம். வைக்கோல் நிறம் வாய்க்கு வந்த நொடியில் மறுபடி முக்கினார். கொஞ்சம் விட்டிருந்தால் உளி மெத்தென்று போயிருக்கும், முந்தியிருந்தால் கண்ணாடி மாதிரி சில்லு தெறிக்கும். அந்த உளி ஏழு வருடமாக என்னிடம் இருக்கிறது. இன்றைக்குச் சந்தையில் எந்த அருவாளைக் கேட்டாலும் திருப்பாச்சேத்தி என்கிறார்கள். அத்தனையும் அங்கே அடித்ததாக இருந்தால் அந்தப் பெரியவருக்கு வேலை குறைந்திருக்காது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி தயாரித்தவர் பெயர், முகவரி, மாதம், வருடம், விலை எல்லாம் அட்டையில் இருக்க வேண்டும். இறக்குமதி என்றால் எந்த நாடு என்றும் போட வேண்டும். ஆனால் அந்த விவரமெல்லாம் அட்டையோடு போய்விடுகிறது. அட்டை இருந்தாலும் நிதானமாகப் படிக்க வேண்டும். டெல்லி முகவரி இருப்பதாலேயே டெல்லியில் செய்தது ஆகிவிடாது. ‘விற்பனை செய்பவர்’ என்று மட்டும் போட்டிருந்தால், செய்தவர் யார் என்று உங்கள் மொத்த வியாபாரியிடம் கேளுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் மேலே இருக்கும் தர எண்ணைப் பாருங்கள். சுத்தியலுக்கு 841, ஸ்குரூ டிரைவருக்கு 844, பிளேயருக்கு 3650. முத்திரைக்குக் கீழே இருக்கும் லைசென்ஸ் எண்ணை, முத்திரை கொடுக்கும் அரசு அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் அது யாருடையது என்று வந்துவிடும். ஒரு நிமிட வேலை.

உடைந்து திரும்பி வரும் சாமானைத் தூக்கி எறிவதற்கு முன் உடைந்த இடத்தை ஒரு தடவை பாருங்கள், அண்ணாச்சி. நல்ல எஃகு சலித்த மாவு போல நைசாக, சாம்பல் நிறத்தில் இருக்கும். மோசமான வார்ப்பு கல்லுப்பு மாதிரி பொரபொரவென்று மினுங்கும். இரண்டு தடவை கல்லுப்பைப் பார்த்துவிட்டால் மூன்றாவது தடவை அந்தப் பட்டறைச் சரக்கை இறக்கவே உங்களுக்கு மனசு வராது.

விலை கூடினாலும் நாங்கள் வாங்குவோம். முந்நூறு ரூபாய் உளி பத்து வருடம் உழைக்கும் என்று தெரிந்தால் தொண்ணூறு ரூபாய் உளியை எந்த ஆசாரியும் தொடமாட்டான். அட்டையைக் கழற்றித் தொங்கவிட வேண்டியிருந்தால் ஒரு அட்டையையாவது அதே கம்பியில் கோத்து வையுங்கள். பில்லில் ‘உளி 1’ என்று எழுதுகிற இடத்தில் ஊரையும் கம்பெனியையும் சேர்த்து எழுதுங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய அரம் கிடக்கட்டும். வாங்குகிறவன் உளியின் வாயில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துக்கொள்வான். அரம் வழுக்கினால் காசை வைத்துவிட்டு எடுத்துப் போவான்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளில் சாமான் வாங்கும் ஒரு மரவேலைக்காரன்