நான் சொல்ல முடியாத நாளில் எனக்காகச் சொன்னவர்களுக்கு

திருச்சி பாலக்கரையில் எங்கள் தெருவையும் அதை ஒட்டிய இரண்டு சந்துகளையும் சேர்ந்த, வாரந்தோறும் ஒரு வீட்டில் கூடி விவிலியம் வாசிக்கும் கத்தோலிக்கச் சிறு குழுவான அன்பியத்தின் குடும்பத்தார் அனைவருக்கும், பங்குத்தந்தை அவர்களுக்கும், இறைவார்த்தையை நிதானமாக வாசிக்க எங்களைப் பழக்கிய அருட்சகோதரி அவர்களுக்கும், வியாழக்கிழமைதோறும் எங்களுக்காகத் தொலைக்காட்சியை அணைத்துவைத்த பக்கத்து வீட்டாருக்கும் என் பணிவான வணக்கம்.

இந்த ஏப்ரல் மாத இறுதியில் நான் நாகர்கோவிலுக்கு, மகள் வீட்டோடு போய்ச் சேர்கிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து நேரில் சொல்லிக்கொண்டு போகவே நினைத்திருந்தேன். முழங்கால் இடம்கொடுக்கவில்லை. அதோடு, நேரில் வந்தால் நீங்கள் காப்பியைக் கையில் கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுவீர்கள். நன்றி என்ற சொல்லை எடுக்கவே விடமாட்டீர்கள். நீங்கள் எனக்குச் செய்தது இன்னதென்று உங்களுக்கே முழுதாகத் தெரியாது என்பதால், எல்லாரும் படிக்கும்படி இதை எழுதிவைக்கிறேன்.

நான் சீர்திருத்த சபையான தென்னிந்தியத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்று வளர்ந்தவள். பள்ளியில் 32 ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். திருமணமான ஆண்டிலிருந்து என் கணவரும் நானும் ஆண்டுக்கொருமுறை வேதத்தை ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம்வரை வாசித்து முடிப்போம். நாளுக்கு மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வைத்துக்கொண்டால், பழைய, புதிய ஏற்பாடுகளின் 1,189 அதிகாரங்களும் டிசம்பருக்குள் முடிந்துவிடும். ஒருநாள் அவர் வாசிப்பார், நான் கேட்பேன். மறுநாள் நான் வாசிப்பேன், அவர் கேட்பார். 2023 ஆகஸ்டில் அவர் காலமானார். அடக்கம் முடிந்து உறவினர் எல்லாரும் ஊர் திரும்பிய பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று வேதத்தைத் திறந்தேன். எழுத்து தெரிந்தது, சொல் ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. அடுத்த நாளும் அப்படியே. இதை நம்பிக்கையோடு ஓரிடத்தில் சொன்னபோது, என் விசுவாசம் தளர்ந்துவிட்டது என்றும் இன்னும் ஊக்கமாக ஜெபிக்கவேண்டும் என்றும் அறிவுரை கிடைத்தது. அதன்பின் யாரிடமும் சொல்லவில்லை. மகன் வீட்டுக்குத் திருச்சிக்கு வந்தபோது, என் கணவருடைய வேதாகமத்தைத் துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்துக் கொண்டுவந்தேன். எட்டு மாதம் அது திறக்கப்படவேயில்லை.

2024 ஏப்ரலில் ஒரு மாலை, எதிர்ச்சந்தில் பூக்கட்டும் தங்கை கதவைத் தட்டினாள். “இந்த வாரம் எங்க வீட்ல அன்பியம், வாங்க டீச்சர். பேசணும்னு ஒண்ணும் இல்ல. சும்மா வந்து உக்காந்தா போதும்” என்றாள். நான் வேறு சபையைச் சேர்ந்தவள் என்றேன். “உக்காரத்தானே கூப்பிடுறேன்” என்றாள். அந்த ஒரு சொல்லுக்குத்தான் இந்த மடலின் முதல் நன்றி.

உட்காரப் போனேன். கூடத்தில் பாய் விரித்து, சுவரோரம் முதியவர்களுக்கு நான்கு நாற்காலி போட்டு, நடுவில் முக்காலியில் வெள்ளைத் துணி விரித்து விவிலியத்தை வைத்து, அருகில் ஒரு மெழுகுதிரியும் அவள் கையால் கட்டிய ஒரு முழம் மல்லிகையும் வைத்திருந்தார்கள். ஒருவர் ஆண்டவரை அழைத்து மன்றாடினார். வரப்போகும் ஞாயிற்றுக்கிழமையின் நற்செய்திப் பகுதியை ஒருவர் மெதுவாக வாசித்தார். பிறகு, அவரவர் மனத்தில் தைத்த ஒரு சொல்லையோ தொடரையோ அவரவர் வாய்விட்டு மும்முறை சொன்னார்கள். ஒவ்வொரு முறைக்கும் நடுவே சற்று இடைவெளி விட்டார்கள். விளக்கம் இல்லை, விவாதம் இல்லை. பின்பு நெடுநேர அமைதி. அதற்குப் பிறகே, விரும்பியவர்கள் தங்களைத் தொட்டதைப் பகிர்ந்துகொண்டார்கள். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையத்தில் உருவாகி ஆசிய நாடுகளின் அன்பியங்களுக்கெல்லாம் பரவிய ஏழு படி முறை இது என்பதைப் பின்னால் அறிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மூன்று அதிகாரம் முடிக்கவேண்டிய கட்டாயம் இங்கே இல்லை. ஒரே ஒரு சொல்லோடு வீட்டுக்குப் போகலாம்.

இரண்டு மாதம் நான் வாய் திறக்கவில்லை. எவரும் ‘நீங்களும் ஏதாவது சொல்லுங்களேன்’ என்று தூண்டவில்லை. என் முறை வரும்போது அடுத்தவர் இயல்பாகத் தொடர்வார். எட்டுப் பத்துப் பேர் கூடுகிற இடத்தில் ஒருத்தியின் மௌனத்தை உறுத்தாமல் வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்று வகுப்பறையில் இத்தனை ஆண்டு நின்ற எனக்குத் தெரியும். நீங்கள் அதை ஒருநாள்கூடத் தவறாமல் செய்தீர்கள்.

அந்த ஜூன் மாதத்தில், கடலில் புயல் எழுந்த பகுதி வந்தது. மாற்கு நான்காம் அதிகாரம். கல்லூரியில் படிக்கும் தம்பி வாசித்தான். “இரையாதே” என்ற இடத்தில் அவன் வல்லின றகரமாக உச்சரித்தான். நான் என்னையறியாமல் குறுக்கிட்டு, “இடையின ர, தம்பி. இரைதல் என்றால் சத்தமிடுதல்” என்று திருத்தினேன். இரண்டு மாத மௌனத்துக்குப் பிறகு என் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு ஒரு திருத்தம். பிள்ளையின் குரல் தாழ்ந்துபோயிற்று. எவரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மும்முறை சொல்லும் நேரம் வந்ததும், கொத்தனார் பெரியவர் முதலில் தொடங்கினார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காதால் கேட்டே எதையும் பிடித்துக்கொள்வார். “இரையாதே” என்றார். சற்று நிறுத்தி மறுபடி “இரையாதே” என்றார். மூன்றாம் முறை சொன்னபோது அது கடலுக்குச் சொன்னதாக எனக்குப் படவில்லை. பத்து மாதமாக என்னுள் இரைந்துகொண்டிருந்த ஒன்றுக்குச் சொன்னதாகவே பட்டது.

அந்த அமைதியில்தான் வேறொரு சொல் என் முன் வந்து நின்றது. படகின் பின்பக்கத்தில் இயேசு தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார் என்கிறார் மாற்கு. மத்தேயுவும் லூக்காவும் இதே நிகழ்ச்சியை எழுதுகிறார்கள். அவர் தூங்கியதைச் சொல்கிறார்கள், தலையணையைச் சொல்லவில்லை. அந்தப் பகுதியை நான் வாழ்நாளில் முப்பது முறைக்குமேல் வாசித்திருப்பேன். அதில் ஒரு தலையணை இருப்பதை அன்றுதான் கண்டேன். என் கட்டிலில் என் கணவருடைய தலையணை, உறைகூட மாற்றப்படாமல், அதே இடத்தில் கிடந்தது. “தலையணை” என்று சொன்னேன். இரண்டாவது முறை குரல் உடைந்தது. மூன்றாவது முறை சொல்ல முடியவில்லை. பூக்கட்டும் தங்கை எனக்காக அதைச் சொன்னாள். ஏன், என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றிரவு வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து வேதாகமத்தை வெளியே எடுத்தேன்.

அடுத்த வாரமே அந்தத் தம்பியிடம் எல்லார் முன்னும் மன்னிப்புக் கேட்டேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த பகுதியைத் தானே வாசிப்பதாகச் சொல்லி, வாசிக்கவும் செய்தான். தம்பி, உன் பெருந்தன்மைக்கு நான் கடன்பட்டவள்.

அருட்சகோதரி அவர்கள் மாதம் ஒருமுறை வந்து, இப்படி வாசிப்பதன் வேர் எவ்வளவு பழையது என்று சொல்லிக்கொடுத்தார்கள். 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கின் 48ஆம் அதிகாரத்தில், கைவேலைக்கு நேரம் ஒதுக்கியதைப் போலவே இறைவாசிப்புக்கும் நேரம் ஒதுக்கியதைச் சொன்னார்கள். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற, கார்த்தூசியத் துறவு சபையைச் சேர்ந்த துறவி, ஒருநாள் கைவேலையில் ஈடுபட்டிருந்தபோது மனத்தில் தோன்றியதாக நான்கு படிகளை எழுதிவைத்தார்: வாசித்தல், தியானித்தல், செபித்தல், இறைவனில் இளைப்பாறுதல். வாசிப்பு உணவை வாயில் இடுகிறது, தியானம் மெல்லுகிறது, செபம் சுவையைப் பெறுகிறது, நான்காவதோ அந்த இனிமையேதான் என்பது அவருடைய விளக்கம். இதைக் கேட்டதும் கொத்தனார் பெரியவர், “மாடு அசைபோடுற மாதிரி” என்றார். சகோதரி வியந்துபோனார்கள், பழைய துறவியர் இலத்தீனில் இதற்கு வழங்கிய சொல்லுக்கே அசைபோடுதல் என்பதுதான் பொருளாம். முதலாம் திருப்பாடலில், இறைச்சட்டத்தை இரவும் பகலும் தியானிப்பவர் என்று வருகிற இடத்திலுள்ள எபிரேயச் சொல்லே, ஏசாயாவில் சிங்கத்தின் உறுமலுக்கும் புறாவின் முனகலுக்கும் ஆளப்பட்டிருக்கிறது என்றும் சொன்னார்கள். வாய் முணுமுணுக்கத்தான் அந்தத் தியானம் நடந்திருக்கிறது. நான் கண்ணால் மட்டும் வேகமாக ஓடிய ஆண்டுகளை நினைத்துக்கொண்டேன். அந்த ஆண்டுகள் வீண் என்று சொல்லமாட்டேன். அன்று சேர்த்துவைத்த தீவனத்தைத்தான் இன்று அசைபோடுகிறேன்.

ஜூலையில் திருப்பாடல் 23 வந்தது. உங்கள் கையிலிருந்தது 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு. என்னிடமிருந்தது 1871ஆம் ஆண்டின் பழைய மொழிபெயர்ப்பு. “ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை” என்று நீங்கள் வாசித்தீர்கள். அந்த வாக்கியத்தை என்னால் சொல்ல முடியாது என்று அன்று வெளிப்படையாகவே சொன்னேன். என் வீட்டில் குறை இருக்கிறது; உணவு மேசையில், கட்டிலில், வாசல் திண்ணையில் இருக்கிறது. எனக்குப் பழக்கமான பாடம், “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்” என்பது. தாழ்ச்சியடையேன் என்பது இனி வரப்போகும் நாளையும் நோக்கிச் சொல்லும் எதிர்மறை. அதையாவது எட்டிப் பிடிக்கலாம், குறையில்லை என்பதை இன்றைக்கே எப்படிச் சொல்வேன் என்று கேட்டேன். கொத்தனார் பெரியவர்தான் பதில் சொன்னார்: “உங்களால சொல்ல முடியாத அன்னைக்கு நாங்க சொல்றோம். நீங்க கேட்டுக்கிட்டிருங்க.” அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் உங்கள் மொழிபெயர்ப்பை முதலிலும் என் கணவரின் வேதாகமத்திலிருந்து பழைய பாடத்தை இரண்டாவதாகவும் வாசிப்பது வழக்கமாயிற்று. இறைவார்த்தையைத் தனியாளாகச் சுமக்க வேண்டியதில்லை, மற்றவர்கள் பிடித்துக்கொண்டிருக்கும் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நடக்கலாம் என்பதை நான் கற்றது உங்களிடத்தில்தான்.

பங்குத்தந்தை அவர்களுக்குத் தனியே ஒரு நன்றி. உங்கள் நற்கருணையில் நான் பங்குபெற முடியாது என்பதையும், அதனால் எனக்கு இருந்த கூச்சத்தையும் சொன்னபோது, “உங்கள் சபையை விட்டு வரும்படி இங்கே யாரும் கேட்கமாட்டார்கள்; ஞாயிறு உங்கள் ஆலயத்துக்குப் போங்கள், வியாழன் எங்களோடு இருங்கள்” என்றீர்கள். விவிலியத்தின் வாயில் எல்லா நம்பிக்கையாளருக்கும் அகலத் திறந்திருக்க வேண்டும் என்று கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965லேயே சொல்லியிருப்பதை எடுத்துக்காட்டினீர்கள். அக்டோபரில் நீங்கள் செபமாலை சொன்னபோது நான் அமைதியாக உட்கார்ந்திருந்ததும் ஒருவருக்கும் உறுத்தவில்லை.

சென்ற ஆண்டு என்னையும் அழைத்துக்கொண்டு குளித்தலைப் பக்கம் தண்ணீர்ப்பள்ளிக்குச் சென்றீர்கள். மொன்ஷனென் அடிகளும் பின்னாளில் அபிஷிக்தானந்தர் எனப் பெயர்கொண்ட லெ சோ அடிகளும் 1950இல் காவிரிக்கரையில் தொடங்கிய சாந்திவனம் என்ற ஆசிரமம் அங்கேதான் இருக்கிறது. 1968இல் வந்து பொறுப்பேற்ற பீட் கிரிஃபித்ஸ் அடிகள் 1993இல் இறைவனடி சேர்ந்ததும் அவ்விடத்தில்தான். மரநிழலில் ஒரு மணிநேரம் யாரும் பேசாமல் இருந்தோம். அதைப் பற்றி அதிகம் எழுத என்னிடம் சொல் இல்லை.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் ஐயாவுக்கும்: நீங்கள் எங்கள் வேதத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆனால் இரண்டு ஆண்டுகளாக வியாழன் மாலை ஏழு மணி ஆனதும் உங்கள் தொலைக்காட்சியின் ஒலி நின்றுவிடும். சுவருக்கு இந்தப்பக்கம் எங்களுக்குக் கிடைத்த அமைதியில் பாதி நீங்கள் தந்தது. தொடர் பார்க்கும் நேரத்தை விட்டுக்கொடுப்பது சிறிய காரியம் என்று நான் நினைக்கவில்லை.

வருகிற 16ஆம் தேதி வியாழக்கிழமை, மீண்டும் பூக்கட்டும் தங்கையின் வீட்டில் கூடுகிறோம். வரும் ஞாயிறுக்கான பகுதி லூக்கா 24, எம்மாவு வழி. தம்பி பொது மொழிபெயர்ப்பை வாசிக்கட்டும். “நீர் எங்களுடனே தங்கியிரும், சாயங்காலமாயிற்று” என்ற பழைய பாடத்தை வாசிக்க என் கணவரின் வேதாகமத்தோடு நான் முன்னதாகவே வந்து, பாய் விரிக்கும்போது உடனிருப்பேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் டீச்சர்
பாலக்கரை, திருச்சி
ஏப்ரல் 2026