ஒரே இழையில் ஒரு கோலம்

கொலோன், ஜெர்மனி
நவம்பர் 16

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நாங்கள் நால்வரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? தைலம் தீர்ந்துவிட்டால் சொல்லு.

என்னோடு வேலை பார்க்கும் சித்தூர்க்காரச் சேச்சி அடுத்த வாரம் லீவில் ஊருக்கு வருகிறார். கொழிஞ்சாம்பாறை வழியாகப் போகும்போது வீட்டில் வந்து கொடுத்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் பெட்டியில் ஒரு ஓரம் கேட்டு வாங்கியிருக்கிறேன், அதனால்தான் இந்தக் கடிதம். போனில் பாதி நேரம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடுகிறது, மீதி நேரத்தைப் பிள்ளைகள் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

போன மாசம் வீடியோவில் வீட்டைச் சுற்றிக் காட்டினேன் இல்லையா. நீ ஒன்றும் பேசாமல் பார்த்துவிட்டுக் கடைசியில், "இதெல்லாம் எவ்வளவு குடுத்து வாங்குனே கண்ணு, கடனெல்லாம் அடைச்சாச்சா?" என்று கேட்டாய். மனசுக்குள் சுருக்கென்றது. டூட்டிக்கு நேரமாகிவிட்டதால் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நீ பார்த்ததில் கடையில் வாங்கியது ஜன்னலில் இருக்கிற மஞ்சள் விளக்குச் சரம் மட்டும்தான். மற்றதெல்லாம் நானும் பிள்ளைகளும் கையால் செய்தது. அதில் பாதிக்கு மேல் உன்னிடமிருந்து வந்தது. எப்படி என்று சொல்கிறேன்.

வந்த புதிதில் இந்த வீடு வெறிச்சென்று கிடந்தது. வாடகை வீட்டில் ஆணி அடித்தால், காலி செய்யும்போது ஓட்டையை அடைத்துக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் கடையும் இல்லை, சுவரில் துளை போடுகிற சத்தமும் கூடாது. டிசம்பரில் இங்கே காலை எட்டரை வாக்கில்தான் சூரியன் வரும், சாயங்காலம் நாலரைக்கெல்லாம் போய்விடும். இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்பி வந்து, நான்கு வெள்ளைச் சுவருக்கு நடுவே உட்கார்ந்து நம் வீட்டுத் திண்ணையை நினைத்து அழுதிருக்கிறேன். அப்போது உன்னிடம் சொல்லவில்லை.

பாப்பா பாலர் பள்ளியில் சேர்ந்த வருஷம், அக்டோபர் கடைசியில் ஒரு சீட்டு வந்தது. பெற்றோர் எல்லோரும் சாயங்காலம் பள்ளிக்கு வந்து பிள்ளைக்கு விளக்கு செய்ய வேண்டுமாம். நவம்பர் 11 இங்கே புனித மார்ட்டின் நாள். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்த போர்வீரர் அவர். அந்த நாளை ஒட்டி, இருட்டின பிறகு, பிள்ளைகள் ஆளுக்கொரு காகித விளக்கைக் குச்சியில் தொங்கவிட்டுப் பாடிக்கொண்டே தெருவில் போவார்கள். முன்னால் ஒருவர் சிவப்பு அங்கி போட்டுக்கொண்டு குதிரையில் வருவார். முடிவில் நம் ஊர் சொக்கப்பனை மாதிரி பெரிய நெருப்பு மூட்டுவார்கள். கார்த்திகை ராத்திரியில் அப்பா மாவலி சுற்றுவதும், தீப்பொறி வட்டமாகச் சிதறுவதும், நாங்கள் திண்ணைக்குக் கீழே ஒளிந்துகொண்டு பார்ப்பதும் எனக்கு அப்படியே நினைவுக்கு வந்தது. மாசமும் ஏறக்குறைய அதேதான்.

அந்தச் சாயங்காலத்துக்குப் பயந்துகொண்டுதான் போனேன். ஆஸ்பத்திரியில் பேசுகிற ஜெர்மன் எனக்கு வரும், "வலிக்கிறதா, மூச்சை இழுங்கள்" என்பதெல்லாம். மற்ற அம்மாக்களோடு உட்கார்ந்து சாதாரணமாகப் பேச வராது. முட்டி தாடையில் இடிக்கிற குட்டி நாற்காலிகளில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கு ஒரு சீஸ் டப்பா கொடுத்தார்கள், வட்டமான அட்டை டப்பா. அடிப்பாகம் விளக்குக்கு அடி. மூடியின் நடுவை வெட்டி எடுத்துவிட்டு, வளையத்தை மட்டும் மேலே வைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் ஊடுருவுகிற மெல்லிய காகிதத்தைச் சுற்றி ஒட்டினால் விளக்கு. என் பக்கத்தில் இருந்தவர் காகிதத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார், ஒவ்வொரு தடவையும் விரல் அகலம் பற்றாமல் போகிறது. நான் டப்பாவின் குறுக்கே அளந்தேன், 11 சென்டிமீட்டர். அப்படியானால் சுற்றளவு முப்பத்து நாலரை. நீ ரவிக்கைக்குத் தையல் விடுகிற மாதிரி ஒட்டுக்கு 2 சேர்த்து முப்பத்தாறரைக்கு வெட்டினேன். ஒரே தடவையில் உட்கார்ந்தது. அப்புறம் மூன்று பேர் தங்கள் காகிதத்தை என்னிடம் நீட்டினார்கள். அன்றைக்கு எட்டு விளக்குக்கு நான் வெட்டிக் கொடுத்தேன் அம்மா. வீட்டுக்கு வரும்போது என் போனில் இரண்டு பேருடைய நம்பர் இருந்தது. அதில் ஒருவர்தான் இப்போது எனக்கு நைட் ஷிப்ட் வந்தால் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்.

விளக்குக்குள் மெழுகுவர்த்தி கிடையாது, குச்சியின் நுனியில் பேட்டரி பல்பு. அதுதான் நல்லது. பாப்பா நடக்கிற நடையில் மெழுகுவர்த்தி என்றால் எனக்கு உயிரே இருக்காது.

இந்த வருஷம் பெரியவனுக்குப் பலூன் விளக்கு செய்தோம். ஊதின பலூன் மேல் கலர் காகிதத்தைக் கிழித்துக் கிழித்து நாலு அடுக்கு ஒட்டி, இரண்டு நாள் காயவிட்டுப் பலூனை உடைத்தால் உருண்டையாக ஒரு கூடு கிடைக்கும். பசை கடையில் வாங்கவில்லை. பட்டம் ஒட்ட நீ காய்ச்சுவாயே, அதே மைதாப் பசை. இங்கே மைதா மாதிரி இருக்கிற மாவுக்கு 405 என்று நம்பர். ஒரு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு ஸ்பூன், கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடி மாதிரி ஆகிறவரை சிறு தீயில் கிண்டினேன். நீ பூச்சி வராமலிருக்கத் துளி மயில்துத்தம் போடுவாய். அது விஷம் அம்மா, பிள்ளைகள் கைவைக்கிற பசைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நீயும் இனிமேல் போடாதே.

சமையலறை ஜன்னல் ஓரத்தில் வரிசையாக நின்ற குட்டிக் குதிரைகளையும் மானையும் அப்பா கேட்டாராம். அவை ஒரு மரத்தின் காய்கள். செப்டம்பர் கடைசியில் முள் ஓடு வெடித்து, எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளவென்று பழுப்புக் காய்கள் தெருவெல்லாம் விழும். தின்னக் கூடாத ஜாதி. பிள்ளைகள் பை பையாகப் பொறுக்குவார்கள். விழுந்த சூட்டோடு துளை போட்டு, தீக்குச்சியைக் கால்களாகச் செருக வேண்டும். ஒரு வாரம் விட்டால் கல்லாகிவிடும், துளை போடும்போது வழுக்கிக் கையைக் குத்தும். தம்பி நுங்கு தின்ற வெறும் காயை வைத்து வண்டி செய்து, வாய்க்கால் மேடு வரை ஓட்டிக்கொண்டு போவானே, அவனிடம் இதைச் சொல்லு. மாமன் செய்த நுங்கு வண்டிக் கதையைப் பெரியவன் தினமும் கேட்கிறான்.

சரி, இப்போது கோலத்துக்கு வருகிறேன். வந்த முதல் பொங்கலுக்கு வாசலில், அதாவது மாடிப்படி முடிகிற இடத்தில், அரிசி மாவில் சின்னதாக ஒரு கோலம் போட்டேன். மறுநாள் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. படிக்கட்டு எல்லோருக்கும் பொது, அதில் எதையும் கொட்டக் கூடாது என்று. கொட்டுவது என்று எழுதியிருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. துடைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ரொம்ப நாள் கோலத்தை நினைக்கவே இல்லை.

போன குளிர்காலத்தில் பெரியவனின் பழைய மப்ளர் ஒன்று பிரிந்துபோனது, வெள்ளைக் கம்பளி. அதை முழுசாகப் பிரித்து, இழுத்துக் கட்டி, நேராக்கிப் பந்தாகச் சுற்றினேன். ஷூ டப்பா மூடிக்குக் கருநீலக் காகிதம் ஒட்டி, புள்ளிக்குப் பதிலாக உளுத்தம்பருப்பை ஒட்டினேன். அதைச் சுற்றிக் கம்பளி நூலில் சிக்குக் கோலம். புள்ளிகளுக்கு நடுவே சாய்வாகப் போய் ஓரத்தில் வளைந்து திரும்புகிற சாதாரணக் கோலம்தான். முதலில் 4 புள்ளி, 4 வரிசை வைத்தேன். நூல் கொஞ்ச தூரம் போய்த் தொடங்கின இடத்துக்கே வந்துவிட்டது, பாதிப் புள்ளிகள் சும்மா நிற்கின்றன. வெட்டிவிட்டு வேறு இழை. மறுபடி வெட்டி, மறுபடி. மொத்தம் 4 இழை வந்தது, வெட்டின இடமெல்லாம் பிசிறு. அப்புறம் 3 புள்ளி, 4 வரிசை வைத்துப் பார்த்தேன். ஒரே இழை! 12 உளுந்தையும் சுற்றி வந்து கடைசியில்தான் தொடங்கின இடத்தில் சேர்ந்தது. ஒரே இடத்தில் வெட்டி ஒரே முடிச்சு.

நீ மாவை இழுக்கும்போது இழை எங்கே முடிகிறது என்று நான் கவனித்ததே இல்லை அம்மா. மாவு எங்கே விட்டாலும் சேர்ந்துகொள்ளும். நூல் அப்படி விடாது. பெரியவன் பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்தான். 4-க்கு 5 வைத்தான், ஒரே இழை. 4-க்கு 6 வைத்தான், 2 இழை. 3-க்கு 6 வைத்தான், 3 இழை. இரண்டு எண்ணையும் மீதி இல்லாமல் வகுக்கிற பெரிய எண் எதுவோ, அத்தனை இழை. வகுத்தல் இன்னும் அவனுக்குப் பள்ளியில் வரவில்லை, ஆனால் இதை அவன்தான் பிடித்தான். அன்றைக்கு ராத்திரி பத்து மணி வரை இருவரும் தூங்கவில்லை. நீ இருந்திருக்க வேண்டும். அந்தக் கோலம் இப்போது எங்கள் கதவின் வெளிப்பக்கம் தொங்குகிறது. கீழே எதுவும் கொட்டவில்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை. எதிர்வீட்டுப் பாட்டி பாப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் விரலால் அந்த நூலைத் தடவிக்கொண்டே பேசுகிறார்.

அலமாரிக்கு மேலே பெரிய கூம்பு ஒன்று இருந்ததே, அது பெரியவன் பள்ளியில் சேர்ந்த அன்றைக்குக் கையில் பிடித்துக்கொண்டு போனது. முதல் வகுப்புக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்படி ஒன்று கொடுப்பார்கள், ஷூல்ட்யூட்டே என்று பெயர். உள்ளே மிட்டாய், பென்சில், சின்னப் பொம்மை. கடையில் விலைக்கும் கிடைக்கும், ஆனால் வீட்டில் செய்வதைத்தான் பெருமையாக நினைக்கிறார்கள். நான் 70 சென்டிமீட்டர் உயரத்துக்கு அட்டையைச் சுருட்டிவிட்டு, மேலே எதை ஒட்டுவது என்று தெரியாமல் இருந்தேன். அப்போதுதான் ஊரிலிருந்து வரும்போது ஊறுகாய் பாட்டில் உடையாமலிருக்க நீ சுற்றிக் கொடுத்த வெட்டுத்துணி மூட்டை ஞாபகம் வந்தது. மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, யாரோ கல்யாணத்துக்குத் தைத்த அரக்குப் பட்டு, எல்லாம் உன் கத்திரிபட்ட துண்டுகள். அளவுக்கு வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து ஒட்டினேன். வாய்க்கு வலைத்துணி வைத்து, அந்த அரக்குப் பட்டின் ஜரிகை ஓரத்தால் கட்டினேன். பள்ளி வாசலில் பிள்ளை அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றபோது, நீயே பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. போட்டோ கூடவே வைத்திருக்கிறேன். வீட்டில் மாட்டிவிடு.

இன்னும் சின்னச் சின்னதாக நிறைய இருக்கிறது. ஈஸ்டருக்கு வெங்காயத் தோல் போட்டு முட்டையை வேகவைத்தால் செம்பழுப்பு நிறம் ஏறும். மல்லித்தழையை முட்டையில் வைத்து, பழைய காலுறைத் துணியால் இறுக்கிக் கட்டி வேகவைத்தால் தழை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். இரண்டு பங்கு மாவு, ஒரு பங்கு உப்பு, ஒரு பங்கு தண்ணீர் பிசைந்து நட்சத்திரம் வெட்டிக் காயவைத்து, காய்ந்த கிளையில் தொங்கவிடுகிறோம். அவசரப்பட்டு அடுப்பின் சூட்டைக் கூட்டினேன், எல்லாம் பூரி மாதிரி உப்பிவிட்டது. மெதுவான சூட்டில் பொறுமையாக வைத்தால்தான் சரியாக வருகிறது. ஓணத்துக்கு ஆஸ்பத்திரி மலையாளிப் பிள்ளைகளோடு பூக்களம் போட்டோம். பூ விலை கட்டாது, கல்லுப்பில் கலர் கலந்துதான் போட்டோம்.

எப்போது நேரம் என்று கேட்பாய். இரவுச் சாப்பாடு முடிந்து அரைமணி, அவ்வளவுதான். அவருக்குக் கிடங்கில் சாயங்கால ஷிப்ட் என்றால் நானும் பிள்ளைகளும் மட்டும். சோபாவுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது. பேப்பருக்கான நீலத் தொட்டியில் எதைப் போடுவதற்கு முன்னாலும், "இது ஆகுமா அம்மா?" என்று பாப்பா கேட்டுவிட்டுத்தான் போடுவாள். பெட்டி நிறைந்தால் பழையதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்பது என் சட்டம். இல்லாவிட்டால் இந்த வீடு கொள்ளாது.

இந்தச் சேச்சி ஜனவரியில் திரும்பி வருகிறார். அவரிடம் கொடுத்துவிட எனக்கு இரண்டு சாமான் வேண்டும். ஒன்று, வெட்டுத்துணி. பட்டு வேண்டாம், நூல் துணி, கலர் எதுவானாலும் சரி. இன்னொன்று, நீ குருத்தோலையில் மடிக்கிற கிளி. பச்சை ஓலையைக் கொடுத்துவிடாதே, இலை தழை எதையும் சான்றிதழ் இல்லாமல் இந்த ஊருக்குள் விடமாட்டார்கள். தடித்த காகிதத்தை ஓலை அகலத்துக்கு நீளமாக வெட்டி அதிலேயே மடித்துக் கொடு. வீடியோவில் நீ காட்டினபோது உன் விரல் மறைத்துக்கொண்டது, மூன்று தடவை பார்த்தும் கழுத்து எப்படித் திரும்புகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. முழுசாக மடித்தது ஒன்று, கழுத்து வரை மட்டும் மடித்து நிறுத்தியது ஒன்று. பாதியில் நிறுத்தினது அவிழாமலிருக்க ஒரு குண்டூசி குத்திவிடு.

அம்மாயிக்கும் அப்புச்சிக்கும் பிள்ளைகள் முத்தம் கொடுக்கச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
உன் மகள்