கம்பி மூடப்படும் முன்பு

தமிழ்நாடு வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். கட்டட வேலை விதிப்படி நடக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஒவ்வொன்றாகச் சந்தைக்கு வருகின்றன. இன்றோ நாளையோ அவற்றில் ஒன்று உங்கள் மேசைக்கும் வரும். அதை வாங்கும் கோப்பில் கையெழுத்திடும் முன், தூத்துக்குடிப் பக்கம் வீடு கட்டித்தரும் ஒரு சிவில் பொறியாளனின் அனுபவத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

அண்மையில் அப்படியொரு கருவியை என் கைபேசியில் ஏற்றிப் பார்த்தேன். கடலிலிருந்து அரைக் கிலோமீட்டர்கூட இல்லாத மனை. ரூப் கம்பி கட்டி முடித்த மாலை நேரம். கான்கிரீட் ஊற்ற அமைத்த சென்ட்ரிங் தகடுகள் மேல் ஏறி எட்டுப் படங்கள் எடுத்துக் கொடுத்தேன். ஒரு மூலையில் கவர் பிளாக் (கம்பியைக் கான்கிரீட் போதிய கனத்தில் மூடும்படி அடியில் வைக்கும் சிறு கட்டை) வைக்காமல் கம்பி தகட்டின் மேலேயே படுத்திருந்ததை நொடியில் காட்டிவிட்டது. இரண்டு முறை சுற்றிவந்த என் கண்ணுக்கு அது தப்பியிருந்தது. மேஸ்திரி வாய்விட்டுப் பாராட்டினார், நானும்தான்.

அடுத்த வரியில் சறுக்கியது. மற்ற இடங்களில் 20 மில்லிமீட்டர் கவர் பிளாக் இருக்கிறது, விதிப்படி சரி என்று பச்சைக் குறி போட்டது. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இல் 20 மில்லிமீட்டர் என்பது பாதிப்புக் குறைந்த சூழலுக்குச் சொன்ன அளவு. கடலோரச் சூழல் கடுமையானது, அங்கே 45. என் வரைபடத்திலும் 45 என்றுதான் இருந்தது. கடலை விட்டு வெகுதூரத்தில் முடித்த வேலையில் மிஞ்சிய கட்டைகளை மூட்டையோடு கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். மனை எங்கே இருக்கிறது, கடல் எவ்வளவு தூரம் என்று அந்தக் கருவி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாற்றச் சொன்னபோது மேஸ்திரி தயங்கினார். கருவியே சரி என்கிறதே, பிறகு ஏன் என்று கேட்டார். இருபது ஆண்டுகளாக என் பேச்சைத் தட்டாதவர் அவர். பதில் சொல்லாமல் அடுத்த தெருவில் இருக்கும் ஒரு பழைய வீட்டுக்கு அழைத்துப் போனேன். சன்ஷேடின் அடியில் கம்பி துருப்பிடித்து ஊதி, கான்கிரீட்டைச் செதில் செதிலாகத் தள்ளிவிட்டிருந்தது. விரலால் தொட்டால் துரு பொடியாக உதிர்ந்தது. கருப்பஞ்சக்கைபோல் நார் நாராகிவிட்ட கம்பியைப் பார்த்தவர் மறுபேச்சுப் பேசவில்லை. அன்றிரவே கட்டைகளை மாற்றினோம்.

கருவியிடம் இன்னொன்றும் கேட்டேன். ரூப்பைத் தாங்கக் கொடுத்த முட்டுக் கால்களை எப்போது எடுக்கலாம்? ஏழு நாளில் என்றது. நாலரை மீட்டர் வரையான இடைவெளிக்குத்தான் ஏழு நாள். அதைத் தாண்டினால் பதினான்கு. என் ஹால் ஐந்து மீட்டருக்கு மேல். அந்தக் கணக்கும் சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு உரியது. என் தளத்தில் அடுக்கியிருந்ததோ சாம்பல் கலந்த, மெதுவாக வலுப்பெறும் பி.பி.சி. சிமெண்ட் மூட்டைகள். இடைவெளி எவ்வளவு, சிமெண்ட் எது என்று கேட்கத் தெரியாத கருவிக்கு விதி மனப்பாடமாக இருந்து என்ன பயன்? நீங்கள் வாங்கும் முன் வைக்க வேண்டிய தேர்வு இதுதான் என்பேன்: பதில் சொல்லும் முன் அது என்ன கேட்கிறது என்று பாருங்கள்.

வரைபடத்தைக் கணினி சரிபார்ப்பது புதிதல்ல. பக்க இடைவெளி, தளப்பரப்பு குறியீடு (மனையின் அளவுக்கு எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற கணக்கு), உயரம் எல்லாம் எண்கள்; இயந்திரம் நன்றாகவே பார்க்கும். சுவர் ஓர் அடி தள்ளிப்போனால் அது நூறு வருடம் கண்ணுக்குத் தெரியும். பில்லர் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் கொக்கியை 135 பாகைக்கு வளைக்காமல் 90-இல் விட்டால் மறுநாளே கான்கிரீட்டுக்குள் மறைந்துவிடும். நிலம் ஆடும் நாளில்தான் அந்த ரிங் விரியும். 2002-இல்தான் சென்னையை நில அதிர்வின் மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தினார்கள் என்பதை மறக்க வேண்டாம். 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் சரிந்து 61 பேரைக் கொன்ற பதினொரு மாடிக் கட்டடத்துக்குத் திட்ட அனுமதி இருந்தது.

2024 ஜூலையில் வந்த, விதிப்படி கட்டுகிறேன் என்று கட்டுபவரே சான்றளித்து அனுமதி பெறும் சுயசான்றுத் திட்டத்தை நான் வரவேற்றவன். 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுபவர் அலுவலகப் படி ஏறி அலைய வேண்டியதில்லை. சிறிய வீடுகளுக்குப் பணி நிறைவுச் சான்றும் தேவையில்லை. நல்லதுதான். ஆனால் அந்த வீட்டின் கம்பியை அரசின் கண் ஒருநாளும் பார்ப்பதில்லை. கருவிக்கு வேலை இருப்பது அங்கேதான். அஸ்திவாரம், பில்லர், ரூப் என ஒவ்வொன்றிலும் கான்கிரீட் போடும் முன் நாளும் இடமும் பதிந்த படங்களை ஏற்றச் சொல்லுங்கள். கருவி சந்தேகத்தைச் சொல்லட்டும். எந்த விதி, எந்தப் பிரிவு என்றும் காட்டட்டும். அடியில் கையெழுத்து மட்டும் தளத்துக்கு நேரில் வந்த பொறியாளருடையதாக இருக்கட்டும். ரூப் விழுந்தால் நீதிமன்றக் கூண்டில் ஏற மென்பொருளுக்குக் கால் இல்லை.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019-இன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பலமுறை திருத்தப்பட்டுவிட்டன. எந்தத் திருத்தம் வரை படித்தேன் என்று கருவி சொல்வதில்லை. திருத்தங்கள் சேர்ந்த முழு வடிவத்தைத் தேதியோடு, தமிழில், இலவசமாக நீங்களே வெளியிட்டால் கருவி செய்பவருக்கும் உதவும், மேஸ்திரிக்கும் உதவும். கம்பி கட்டுபவர் இன்று பல தளங்களில் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர். கருவி அவரிடம் இந்தியிலோ ஒடியாவிலோ பேசினால் எனக்கு வருத்தமில்லை. கொக்கியை வளைப்பது அவர் கைதானே.

உங்களில் யாராவது நேரில் பார்க்க விரும்பினால், அடுத்த ரூப் போடும் நாளைத் தெரிவிக்கிறேன். காலை ஆறு மணிக்கு வந்துவிடுங்கள். எட்டு மணிக்குக் கலவை இயந்திரம் ஓடத் தொடங்கிவிடும். பிறகு பார்க்க ஒன்றும் இருக்காது.

இப்படிக்கு,
தூத்துக்குடி மாவட்டத்துக் கட்டடப் பொறியாளன் ஒருவன்