கோடை விடுமுறையும் காத்தாடி நூலும்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

பங்குனி முடியப்போகிறது, ஆண்டுத் தேர்வுகளும் நல்லபடியாக நடந்து வருகின்றன. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, ஆண்டு விழா எல்லாவற்றிலும் பிள்ளைகள் ஆர்வமாகக் கலந்துகொண்டனர். அனைவருக்கும் பாராட்டுகள். நூலகப் புத்தகங்களை விடுமுறைக்கு முன்பே திருப்பித் தந்துவிடுங்கள்.

இளவேனில் மாலையில் கடல்காற்று வீசத் தொடங்கினால் சென்னைப் பிள்ளைகளின் கை காத்தாடியைத்தான் தேடும். தேடட்டும். கைப்பேசியை வைத்துவிட்டு அண்ணாந்து பார்க்க வைக்கும் விளையாட்டு அது. ஆனால் சென்ற வாரம் நம் மாணவர் சிலரின் பைகளில் மாஞ்சா நூல் சுற்றிய டப்பாக்கள் இருந்தன. சில பிள்ளைகள், "அப்பாதான் வாங்கித் தந்தார்" என்றார்கள்.

பழைய மாஞ்சா, கண்ணாடித் தூளையும் பசையையும் பூசிய பருத்தி நூல். இப்போது விற்பது நைலான். இழுத்தால் அறாது, மழையில் மக்காது. அறுந்த காத்தாடியின் நூல் சாலையின் குறுக்கே விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. பிரேக் பிடிப்பதற்குள் நூல் கழுத்தில் இறங்கிவிடும். பெட்ரோல் டேங்க் மீது உட்கார்ந்துவரும் குழந்தையின் கழுத்துதான் அதற்கு முதலில் எதிர்ப்படும். அதனால் குழந்தையை முன்னால் உட்கார வைக்காதீர்கள். மரத்தில் சிக்கிய நூலோ கிளிக்கும் காக்கைக்கும் மாதக்கணக்கில் கண்ணியாகத் தொங்கும்.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நைலான் மாஞ்சாவுக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. தமிழ்நாட்டிலும் தடை உண்டு; காவல்துறை வழக்குப் பதிகிறது. வெளிப்படையாகவே சொல்கிறேன்: இனி பள்ளியில் மாஞ்சா பிடிபட்டால் பெற்றோரை வரவழைப்போம், நூலைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்போம். "தெரியாமல் வாங்கிவிட்டேன்" என்பதை ஏற்க இயலாது.

மாஞ்சா இல்லாமலே காத்தாடி நன்றாகப் பறக்கும். வீட்டிலேயே செய்யுங்கள். 40 செ.மீ. சதுரக் காத்தாடித் தாள் ஒன்று, தென்னை ஈர்க்கு இரண்டு, கொஞ்சம் மைதாப் பசை போதும். 56 செ.மீ. ஈர்க்கை மூலைக்கு மூலை நேராக ஒட்டுங்கள்; இதுதான் முதுகுக்குச்சி. 64 செ.மீ. ஈர்க்கை வில்லாக வளைத்து மற்ற இரு மூலைகளில் ஒட்டினால், அது முதுகுக்குச்சியை உச்சியிலிருந்து ஏறத்தாழ 15 செ.மீ. கீழே கடக்கும். காத்தாடியைப் பறக்கும் நூலோடு இணைக்கும் இரட்டைக் கயிறுதான் சூத்திரம்; அதன் மேல் முடிச்சு அங்கே. கீழ் முடிச்சு அடிமுனையிலிருந்து 12 செ.மீ. மேலே. கீழ்க்கயிறு மேல்கயிற்றைவிட ஒரு செ.மீ. நீளமாக இருக்கட்டும். குட்டையாகிவிட்டால் காத்தாடி நெட்டுக்குத்தாக நின்று காற்றை வாங்குமே தவிர ஏறாது. 3 செ.மீ. அகலத்தில் 2 மீட்டர் செய்தித்தாள் வால் ஒட்டுங்கள்; கிறுகிறுவெனச் சுற்றினால் வாலை நீட்டுங்கள். ஒரே பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் கனம் என்று பொருள். எதிர் மூலையில் சிறு தாள்துண்டு ஒட்டினால் சரியாகும்.

நூல் வாங்கும்போது கவனம் தேவை. தையல் கடை நூல் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான். பெரியவர் ஒருவர் ஒரு துண்டைக் கொளுத்திப் பார்க்கட்டும்: பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும்; செயற்கை நூல் உருகி உருண்டையாகும். உருகுவது வேண்டாம்.

மொட்டை மாடியில் விடாதீர்கள். பின்னால் நகரும் பிள்ளைக்குக் காத்தாடிதான் தெரியும், விளிம்பு தெரியாது. கடற்கரை மணலோ திறந்த மைதானமோ நல்லது. மாலை நான்கு மணிக்கு மேல் வெயிலும் தணிந்திருக்கும். ரயில் பாதைக்கும் விமான நிலையத்துக்கும் அருகே வேண்டவே வேண்டாம். ரயில் மின்கம்பியில் 25,000 வோல்ட் பாய்கிறது. சிக்கிய காத்தாடியைக் கம்பாலும் எடுக்கக்கூடாது. தெருவில் மாஞ்சா கிடந்தால் இழுக்காமல், கத்தரிக்கோலால் துண்டுதுண்டாக வெட்டிப் பழைய பாட்டிலில் அடைத்துக் குப்பையில் போடுங்கள். யாருக்காவது கழுத்தில் வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.

கடிந்து எழுதியது பிள்ளைகள் மேலுள்ள அக்கறையால்தான். சென்ற வாரம் சொன்னதுமே வீட்டிலிருந்த மாஞ்சாவைக் கொண்டுவந்து ஒப்படைத்த பெற்றோர்களுக்கு மனமார்ந்த நன்றி. மற்றவர்கள் கடைசித் தேர்வு நாளுக்குள் அலுவலக அறையில் தரலாம். யார், எவர் என்று கேட்கமாட்டோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்